வளர்ப்பு முத்து: வாங்கும் முன்பும் அணியும்போதும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் 18 வருடமாக முத்துச் சரங்களைப் பிரித்து, துடைத்து, புதுப் பட்டு நூலில் கோத்துக் கொடுக்கிற வேலை செய்கிறேன். பாட்டி காலத்துச் சரம், கணவர் ஜப்பானிலிருந்து வாங்கி வந்த சரம், பெரிய ஃபேஷன் பிராண்டின் டப்பாவோடு வரும் சரம் என்று எல்லாம் என் மேசைக்கு வரும். சரத்தைக் கையில் கொடுக்கும்போதே கேள்வியும் வந்துவிடும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். நான் சொல்கிற பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

வளர்ப்பு முத்து என்றால் செயற்கை முத்துதானே? அசல் இல்லையே?

அசல்தான். இந்தக் குழப்பத்துக்கு நம் நாக்கில் பழகிவிட்ட சொல்லும் ஒரு காரணம். பிளாஸ்டிக் மணியில் பளபளப்புப் பூசியதையும் 'செயற்கை முத்து' என்கிறோம். தண்ணீருக்குள் உயிருள்ள சிப்பி வருடக்கணக்கில் வளர்த்துக் கொடுத்ததையும் 'செயற்கை முத்து' என்கிறோம். இரண்டும் ஒரே பெயரில் போனால் வாங்குகிறவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மனிதர் கை படாமல் சிப்பிக்குள் தானாக உண்டாவது இயற்கை முத்து. மனிதர் தொடங்கி வைக்க, சிப்பி வளர்த்துக் கொடுப்பது வளர்ப்பு முத்து. கடைகளில் 'கல்ச்சர்டு பேர்ல்' என்பது இதைத்தான். கண்ணாடி, பிளாஸ்டிக், ரெசின் மணிமேல் பூச்சு ஏற்றியது போலி முத்து. முதல் இரண்டிலும் மேலே இருக்கும் முத்துப் படலம் ஒரே பொருள்தான்: அரகோனைட் என்ற சுண்ணாம்புத் தகடுகள், அவற்றைப் பிடித்து வைக்கும் கான்கியோலின் என்ற புரதம். விதை போட்டு வளர்ந்த மரமானாலும் ஒட்டுக் கட்டிய மரமானாலும் காய்ப்பது மாம்பழம்தானே, அந்த மாதிரி.

அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழிகாட்டுதல்படி வெறுமே 'முத்து' என்று போட்டால் அது இயற்கை முத்தாக இருக்க வேண்டும்; வளர்ப்பு முத்தை வளர்ப்பு என்று சொல்லித்தான் விற்க வேண்டும். ஆகவே பில்லில் 'கல்ச்சர்டு' என்று எழுதியிருந்தால் பயப்படாதீர்கள். அது நேர்மையான பில்.

சிப்பிக்குள் என்னதான் வைக்கிறார்கள்?

மணல் துகள் என்று பலர் நினைக்கிறார்கள், அது இல்லை. கடல் முத்துக்கு இரண்டு பொருள் வைப்பார்கள். ஒன்று, ஒரு சின்ன உருண்டை. பெரும்பாலும் அது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து மட்டிகளின் தடித்த ஓட்டைக் கடைந்து எடுத்தது. இன்னொன்று, வேறொரு சிப்பியின் மேலுறைச் சதையிலிருந்து வெட்டிய ஒரு துணுக்கு. உண்மையில் வேலை செய்வது அந்தத் துணுக்குதான். அது வளர்ந்து உருண்டையைச் சுற்றிப் பை போல மூடிக்கொண்டு, படலத்துக்கு மேல் படலமாகச் சுரக்கும்.

நன்னீர் முத்தில் பெரும்பாலும் உருண்டையே கிடையாது, சதைத் துணுக்கு மட்டும்தான். அதனால் உள்ளே முழுக்க முழுக்க முத்துப் படலமே இருக்கும். ஒரே மட்டியில் 30, 40 முத்து வளரும். ஜப்பானின் அகோயா போன்ற கடல் சிப்பியில் ஒன்றோ இரண்டோதான். நன்னீர் முத்து விலை குறைவாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். தரம் மட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அகோயா பத்து மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை தண்ணீரில் இருக்கும். தாகிட்டி, சவுத் சீ என்ற மற்றக் கடல் முத்து வகைகள் இரண்டு மூன்று வருடம். அதற்குள் புயல், நோய், கடலின் சூடு எல்லாவற்றையும் சிப்பி தாண்டி வர வேண்டும்.

இதை முதலில் செய்தது யார்?

கோகிச்சி மிகிமோட்டோ என்ற பெயரைத்தான் உலகம் சொல்கிறது. ஜப்பானின் தோபா ஊர்க்காரர். 1893 ஜூலை 11 அன்று அவரும் மனைவி உமேவும் திறந்து பார்த்த சிப்பியில் அரைவட்ட முத்து ஒன்று இருந்தது. வட்டமான முத்துக்கு வழி செய்ததில் தத்சுஹெய் மிசே, தோகிச்சி நிஷிகாவா இருவருக்கும் முக்கியப் பங்கு உண்டு. நிஷிகாவா மிகிமோட்டோவின் மருமகன்தான். இன்றும் சிப்பிக்குள் உருண்டையும் சதையும் வைக்கும் முறைக்கு அவர்கள் இருவர் பெயர்தான். இந்த இரண்டு பேரையும் மறந்துவிட்டு மிகிமோட்டோவை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படுவதில்லை.

ஆனால் வளர்ப்பு முத்துக்கு மரியாதை வாங்கித் தந்தவர் மிகிமோட்டோ என்பதில் சந்தேகமே இல்லை. 1899-ல் டோக்கியோவின் கின்சாவில் கடை திறந்தார். அவருடைய வட்ட முத்துகள் லண்டனுக்கும் பாரிஸுக்கும் போனதும் 1921-ல் 'இது ஏமாற்று' என்று பெரிய சண்டை கிளம்பியது. விவகாரம் பாரிஸில் நீதிமன்றம் வரை போய், 1924-ல் அவர் பக்கம் தீர்ப்பானது. 1927-ல் தாமஸ் எடிசனை நேரில் சந்தித்து ஒரு சரத்தைக் காட்டினார். தன் சோதனைக்கூடத்தில் உண்டாக்க முடியாமல் போனவை வைரமும் முத்தும்தான் என்று எடிசன் சொன்னாராம். 1932-ல் கோபே நகரில் மட்டரகமான முத்துகளைக் குவித்துப் பலர் பார்க்கத் தீ வைத்தார். வளர்ப்பு முத்து என்றால் மட்டம் என்ற பேச்சை அடக்க அவர் கண்ட வழி அது.

உயர்தர ஃபேஷனில் முத்து எப்படி வந்தது?

முதல் உலகப்போர் வரை முத்து ராஜ குடும்பத்துக்கும் பெரும் பணக்காரர்களுக்கும் உரியது. 1920களில் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனெல் வந்தார். எளிமையான கறுப்பு உடை, அதன்மேல் இடுப்பு வரை தொங்கும் பல சரங்கள். அசலும் போலியும் கலந்தே போட்டார், அதை மறைக்கவும் இல்லை. ராத்திரி விருந்துக்கு என்று இருந்த முத்தைப் பகலில் கம்பளிச் சட்டைமேல் போடலாம் என்று காட்டியது அவர்தான்.

அதே காலத்தில்தான் மிகிமோட்டோவின் சரங்களும் மேற்கே போயின. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் ஊருக்குத் திரும்பும்போது அகோயா சரம் வாங்கிப் போனார்கள். மருத்துவர், வக்கீல், ஆசிரியை வீட்டிலும் ஒரு முத்துச் சரம் இருக்கலாம் என்ற நிலை வந்தது.

ராஜ குடும்பங்களும் வளர்ப்பு முத்தை ஒதுக்கவில்லை. எலிசபெத் ராணிக்கு ஜப்பான் அரசு அன்பளிப்பாகத் தந்த வளர்ப்பு முத்துகளைக் கொண்டு நான்கு சரம் கொண்ட கழுத்தொட்டி மாலை ஒன்று செய்தார்கள். டயானா அதை அணிந்திருக்கிறார். 2021-ல் இளவரசர் ஃபிலிப்பின் இறுதிச் சடங்கிலும், 2022-ல் ராணியின் இறுதிச் சடங்கிலும் இளவரசர் வில்லியமின் மனைவி கேத் அணிந்தது அதைத்தான்.

கறுப்பு முத்தின் கதை தனி. பாலினேசியாவின் தாகிட்டி முத்தை முதலில் யாரும் வாங்கவில்லை, முத்து என்றால் வெள்ளை என்பதே பழக்கம். 1970களில் சால்வதோர் அசேல் என்ற வியாபாரி நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் உள்ள ஹாரி வின்ஸ்டன் நகைக் கடையில் அதை வைரங்களோடு சேர்த்துக் காட்சிக்கு வைக்கச் செய்தார். அதற்குப் பிறகு அதே முத்தைத் தேடி வாங்கினார்கள்.

பெரிய ஃபேஷன் பிராண்டில் வாங்கினால் அசல் முத்துதானே?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். பதில்: பெரும்பாலும் இல்லை.

ஷனெலின் ஆடைக் கடைகளில் கிடைக்கும் முத்து மாலைகள் பொதுவாகக் கண்ணாடி மணிகள். அசல் வளர்ப்பு முத்து அவர்களுடைய உயர்தர நகைப் பிரிவில்தான் இருக்கும். காதின் முன்னால் சின்ன முத்து, பின்னால் பெரிய முத்து என்று வரும் டியோரின் 'ட்ரைபால்ஸ்' தோடு ரெசின். இணையத்தில் சில வருடங்களுக்கு முன் எல்லோரும் தேடிய விவியென் வெஸ்ட்வுட் சோக்கரில் இருப்பவை ஸ்வரோவ்ஸ்கி தயாரித்த பூச்சு மணிகள். ஸ்பெயினின் மஜோரிக்கா 1890-லிருந்தே போலி முத்துக்குப் பெயர் போன நிறுவனம், போலி என்று சொல்லியே விற்கிறது.

இவை யாவும் ஏமாற்று இல்லை. பிராண்டுகள் 'ரெசின்', 'கண்ணாடி முத்து' என்று பொருள் விவரத்தில் எழுதியிருப்பார்கள். வாங்குகிறவர்தான் விலையைப் பார்த்து அசல் என்று நினைத்துக்கொள்கிறார். ஒரு பெண் தன் திருமணத்துக்கு அண்ணன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த தோட்டை என்னிடம் காட்டி, 'இதை எப்படிப் பாதுகாக்கணும் அக்கா?' என்று கேட்டாள். டப்பாவுக்குள் மடித்திருந்த சீட்டிலேயே ரெசின் என்று இருந்தது. அந்தப் பணத்துக்கு அருமையான ஒரு ஜோடி அகோயா கம்மல் வாங்கியிருக்கலாம். அந்த வடிவமைப்பு பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். நீங்கள் பணம் கொடுப்பது வடிவமைப்புக்கும் பெயருக்கும், முத்துக்கு அல்ல என்று தெரிந்து வாங்குங்கள்.

போலிக்கும் விலை உண்டு என்பதற்கு ஓர் உதாரணம்: ஜாக்குலின் கென்னடியின் மூன்று சரக் கண்ணாடி முத்து மாலை 1996-ல் சோதபீஸ் ஏலத்தில் 2,11,500 டாலருக்குப் போனது. அது அவர் கழுத்தில் இருந்ததற்கான விலை.

அசல் முத்தை ஃபேஷனாகச் செய்கிறவர்கள் யார் என்றால் ஜப்பானின் மிகிமோட்டோ, தசாகி, டென்மார்க்கின் சோஃபி பில்லெ பிராஹெ போன்ற பெயர்களைப் பாருங்கள். கார்த்தியே, டிஃபனி போன்ற நகை நிறுவனங்களின் முத்து நகைகளும் இந்தக் கணக்கில் வரும்.

அகோயா, சவுத் சீ, தாகிட்டி, நன்னீர்: எதை வாங்குவது?

பளிச்சென்ற வெள்ளை, கச்சிதமான வட்டம், சின்ன அளவு வேண்டுமானால் ஜப்பான் அகோயா. பெரும்பாலும் 9 மில்லிமீட்டருக்கு உள்ளேதான் கிடைக்கும். பெரிய அளவு, பால் போன்ற மென்மையான ஒளி வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் புரூம் பக்கத்து வெள்ளை சவுத் சீ. பொன்னிறம் வேண்டுமானால் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா. பட்டுப்புடவைக்கும் தங்க நகைக்கும் இந்தப் பொன்னிறம் சேர்வது போல வேறெதுவும் சேராது என்பது என் அபிப்பிராயம்.

தாகிட்டி முத்தைக் 'கறுப்பு' என்று சொல்வது போதாது. நல்ல தாகிட்டி முத்தை உருட்டிப் பார்த்தால் நம் புடவைக் கடைச் சொற்கள்தான் ஞாபகம் வரும்: மயில்கழுத்து, கத்திரிப்பூ, சாம்பல். முதல்முறை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது சீனாவின் ஜூஜி வட்டாரத்து நல்ல நன்னீர் முத்து. 20 வருடத்துக்கு முன் அரிசி போல நெளிந்து வந்த முத்துகள் இப்போது அகோயாவோடு போட்டி போடும் அளவுக்கு வட்டமாக வருகின்றன.

ஒரு முத்து நல்லதா என்று எதைப் பார்த்துச் சொல்வது?

அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜிஐஏ ஏழு அம்சங்களைப் பார்க்கிறது: அளவு, வடிவம், நிறம், ஒளிர்வு, மேற்பரப்பு, படலத்தின் தரம், சேர்ந்திருக்கும் முத்துகளின் பொருத்தம். நான் முதலில் பார்ப்பது ஒளிர்வு. இரண்டாவதும் அதுவே.

ஒரு முத்தை ஜன்னல் பக்கம் கொண்டு போங்கள். நல்ல அகோயாவில் ஜன்னல் கம்பிகள் ஒவ்வொன்றும் வளைந்து தெரியும், எதிரே நிற்கும் உங்கள் தலையும் சின்னதாகத் தெரியும். படலம் மெல்லிசாக இருந்தால் ஜன்னல் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் தெரியும். இன்னும் மோசம் என்றால், சரத்தை மெல்ல உருட்டும்போது உள்ளே இருக்கும் உருண்டையின் கோடுகள் கண் சிமிட்டுவது போல் மின்னி மறையும். அப்படித் தெரிந்தால் எவ்வளவு பெரிய முத்தாக இருந்தாலும் வேண்டாம். சில வருடத்தில் படலம் உரிந்துவிடும்.

8 மில்லிமீட்டர் மங்கலான முத்தைவிட 6 மில்லிமீட்டர் ஒளிரும் முத்து கழுத்தில் அழகாக இருக்கும். நம் ஊரில் அளவு பார்த்தே வாங்குகிறார்கள். அந்த வழக்கம் மாற வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறேன்.

'ஏஏஏ' தரம் என்கிறார்களே?

ஏ, ஏஏ, ஏஏஏ என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட உலக அளவுகோல் இல்லை. ஒரு கடையின் ஏஏஏ இன்னொரு கடையின் ஏஏ-வாக இருக்கலாம். 'ஹனதாமா' என்பது ஜப்பானில் உயர்ந்த அகோயாவுக்குச் சொல்லும் பெயர். அதற்கு அங்குள்ள ஆய்வுக்கூடத்தின் சான்றிதழ் கூடவே வர வேண்டும்.

வீட்டிலேயே அசலா போலியா என்று சோதிக்க முடியுமா?

முடியும். முன்பல்லின் ஓரத்தில் லேசாக உரசுங்கள். அசல் நறநறவென்று மெல்லிய மணல் போல் இருக்கும், போலி வழுக்கும். அழுத்தித் தேய்க்காதீர்கள், கீறல் விழும். இரண்டு முத்தை ஒன்றோடொன்று உரசினாலும் அதே நறநறப்பு தெரியும்.

என் கண் முதலில் போவது துளைக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதல் சம்பளத்தில் ஒரு சுற்றுலா ஊரில் 'ஜப்பான் முத்து' என்று சொன்ன சரத்தை வாங்கினேன். ஆறு மாதத்தில் துளையோரம் பூச்சு தோல் போல் சுருண்டு உரிந்தது, உள்ளே வெறும் கண்ணாடி. அன்று ரொம்ப அழுதேன். அதிலிருந்து எந்தச் சரம் வந்தாலும் லென்ஸை எடுத்துத் துளையைத்தான் முதலில் பார்ப்பேன். அசல் வளர்ப்பு முத்தில் துளையோரம் கத்தி வெட்டு போல் சுத்தமாக இருக்கும், படலமும் உருண்டையும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஓடும்.

தொட்டால் ஜில்லென்று இருந்தால் அசல் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். கண்ணாடியும் ஜில்லென்றுதான் இருக்கும். இயற்கை முத்தா வளர்ப்பு முத்தா என்பதை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் ஆய்வுக்கூடம்தான் உறுதியாகச் சொல்ல முடியும். பல்லால் தெரியாது.

நிறம் இயற்கையானதா, சாயமா?

அகோயாவை வெளுக்க வைப்பதும், இளஞ்சிவப்புச் சாயல் ஏற்றுவதும் தொழிலில் வழக்கமானவை. நன்னீர் முத்தில் வெள்ளையும் பெரும்பாலும் வெளுத்தது. ஆனால் இளஞ்சிவப்பு, ஊதா, பீச் நிறங்கள் இயற்கையாகவே உண்டு. நன்னீர் முத்தில் கன்னங்கரேல் என்று ஒரே மாதிரி கறுப்பு இருந்தால் அது சாயம் ஏற்றியது. தாகிட்டி கறுப்பு இயற்கை நிறம். பொன்னிற முத்துக்குச் சாயம் ஏற்றுவது உண்டு, ஆகவே விலை அதிகமென்றால் சான்றிதழ் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

அகோயா விலை ஏன் இப்படி ஏறிவிட்டது?

2019 கோடையில் ஜப்பானின் எஹிமே, மியே பகுதிகளில் குஞ்சுச் சிப்பிகள் பெருமளவில் செத்தன. ஒரு வைரஸ்தான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அன்று செத்த குஞ்சுகள் அடுத்தடுத்த வருடங்களில் முத்து தந்திருக்க வேண்டியவை. பின்னாலேயே சீனாவில் அகோயாவுக்குத் தேவையும் ஏறியது. வரத்து குறைந்து வாங்குகிறவர் கூடினால் விலை வேறெங்கே போகும்?

முத்து போட்டால் வயதானவர் மாதிரி தெரியுமே?

ஒரே அளவில் ஒரு சரம், அதற்கு ஏற்ற கம்மல், மோதிரம் என்று செட்டாகப் போட்டால் அப்படித் தெரியலாம். முத்தில் கோளாறு இல்லை. தசாகி 2010-ல் தகூன் பனிச்குல் வடிவமைத்த 'பேலன்ஸ்' தொகுப்பைக் கொண்டு வந்தது. ஒரு தங்கக் கம்பிமேல் ஐந்து அகோயா வரிசையாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். ஒரு பூ, ஒரு இலை கிடையாது. சட்டையும் ஜீன்ஸும் போட்டு அதை அணியலாம். கோணல்மாணலான பரோக் முத்தும் அப்படித்தான். ஒவ்வொன்றும் ஒரு வடிவம். ஒற்றைப் பரோக் முத்தை மெல்லிய சங்கிலியில் தொங்கவிட்டுப் பாருங்கள்.

முத்துக்கு அர்த்தமும் இருக்கலாம். தாய் வழியில் தமிழரான கமலா ஹாரிஸ் 2021 ஜனவரியில் அமெரிக்கத் துணை அதிபராகப் பதவியேற்றபோது முத்து அணிந்திருந்தார். அவர் கல்லூரி நாளில் சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற கறுப்பினப் பெண்கள் சங்கத்தில் அதைத் தோற்றுவித்தவர்களை 'இருபது முத்துகள்' என்று சொல்வார்கள்.

ஆண்கள் அணியலாமா?

நம் மகாராஜாக்களின் படங்களைப் பாருங்கள், கழுத்து நிறைய முத்துதான். பரோடா ராஜாவின் ஏழு சர மாலையைவிடப் பேர்போன முத்து நகை குறைவு. இடையில் விட்டுப்போனது இப்போது திரும்பி வந்திருக்கிறது. 2020-ல் ஜப்பானிய வடிவமைப்பாளர் ரெய் கவாகுபோவின் காம் தெ கார்சோன் ஃபேஷன் பிராண்டும் மிகிமோட்டோவும் சேர்ந்து அகோயாவும் வெள்ளிச் சங்கிலியும் கலந்த மாலைகளை ஆண்கள் ஆடைக் காட்சியில் கொண்டு வந்தார்கள். அடுத்த தொகுப்பில் சேஃப்டி பின்னோடு முத்து வந்தது. பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் கழுத்தில் ஒற்றைச் சரம் எல்லோருக்கும் பழகிப்போனது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் பந்த்கலா கோட்டுக்கு இரட்டைச் சரம் கோத்துத் தரச் சொல்லி இப்போது என்னிடமும் வருகிறார்கள். சந்தோஷமாக இருக்கிறது.

முத்து நல்ல முதலீடா?

வளர்ப்பு முத்தை முதலீடாக வாங்காதீர்கள். 1917 வாக்கில் கார்த்தியே நிறுவனம் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் உள்ள தன் கட்டடத்தை ஓர் இரட்டைச் சர இயற்கை முத்து மாலையும் 100 டாலரும் கொடுத்து வாங்கியது. மாலையின் மதிப்பு அன்று 10 லட்சம் டாலர். உரிமையாளர் மெய்ஸி பிளாண்ட் இறந்த பிறகு 1957-ல் அதே மாலை ஏலத்தில் சுமார் ஒன்றரை லட்சம் டாலருக்குத்தான் போனது. இடையில் பொருளாதார மந்தமும் வந்தது, வளர்ப்பு முத்தும் வந்தது.

இதற்கு நேர்மாறும் உண்டு. 1969-ல் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் 37,000 டாலருக்கு வாங்கி எலிசபெத் டெய்லருக்குக் கொடுத்த 'லா பெரெகிரினா' என்ற இயற்கை முத்து 2011-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் போனது. அவையெல்லாம் சரித்திரம் ஒட்டிய தனித்த முத்துகள். நாம் வாங்குவது போட்டுக்கொள்ள.

தூத்துக்குடி முத்து இப்போது கிடைக்குமா?

கொற்கை காலத்திலிருந்து பேர்போன முத்து. ஆனால் மன்னார் வளைகுடாவின் தூத்துக்குடிப் பக்கத்தில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமி தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார். பயன்படுத்திய சிப்பி பிங்க்டாடா ஃபுகாட்டா, ஜப்பான் அகோயாவின் நெருங்கிய சொந்தம். அந்தச் சிப்பி நம் கடலிலேயே இருந்தது. ஜப்பானைப் போல அது ஒரு பெரிய தொழிலாக இங்கே வேரூன்றாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. ஆகவே 'தூத்துக்குடி அசல் முத்து' என்று யாராவது புதுச் சரத்தை நீட்டினால் சான்றிதழ் கேளுங்கள்.

ஹைதராபாத் முத்து?

ஹைதராபாத்தில் முத்து விளைவதில்லை. நிஜாம் காலத்திலிருந்து முத்துக்குத் துளையிடுவதிலும் தரம் பிரிப்பதிலும் கை தேர்ந்த ஊர் அது. இன்று அங்கே விற்பதில் பெரும்பகுதி சீன நன்னீர் முத்து. நல்ல முத்து நல்ல விலையில் கிடைக்கும், பார்த்து வாங்கினால்.

எப்படிப் பராமரிப்பது?

கடைசியாகப் போட்டு, முதலில் கழற்றுங்கள். சென்ட், ஹேர் ஸ்பிரே, பவுடர் எல்லாம் முடிந்த பிறகுதான் முத்து. முத்து மென்மையானது, தெருத் தூசியில் இருக்கும் மணல் துகள்கூட அதைவிடக் கடினம். அமிலம் பட்டால் கரையும், வியர்வையே போதும்.

போன மாதம் ஒருவர் அம்மாவின் சரத்தைக் கொண்டு வந்தார். அறுபது சொச்சம் முத்து. முன்பக்கம் இன்னும் ஜம்மென்று ஒளிர்ந்தது. பிடரியில் படும் ஏழெட்டு முத்து மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெளிறி, தொட்டால் சொரசொரவென்று இருந்தன. அம்மா நாற்பது வருடமாகக் கழுத்தின் பின்புறம்தான் சென்ட் தடவுவார்களாம். அந்த முத்துகளுக்கு வைத்தியம் இல்லை. எடுத்துவிட்டு வேறு முத்து சேர்த்துக் கோத்தேன். பழைய ஏழெட்டையும் ஒரு சின்னப் பையில் போட்டு அவரிடமே கொடுத்தேன்.

கழற்றியதும் ஈரம் பிழிந்த மென்மையான பருத்தித் துணியால் துடைத்து, காற்றாட விட்டு, பிறகு துணிப்பையில் வையுங்கள். வைரத்தோடும் தங்கத்தோடும் ஒரே டப்பாவில் போடாதீர்கள், கீறிவிடும். அல்ட்ராசோனிக் மெஷின், சோடா, எலுமிச்சை, பல்பொடி எதுவும் வேண்டாம். வருடக்கணக்கில் வங்கி லாக்கரில் அடைத்து வைத்தால் முத்து வறண்டு போகும், வெடிப்புகூட விழலாம். சுபகாரியம் வரும்வரை காத்திருக்காமல் ஆபீசுக்கும் போடுங்கள்.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை கோக்க வேண்டும்?

அடிக்கடி போட்டால் வருடத்துக்கு ஒருமுறை, எப்போதாவது என்றால் இரண்டு மூன்று வருடம். பட்டு நூலில், ஒவ்வொரு முத்துக்கும் நடுவே முடிச்சுப் போட்டுத்தான் கோக்கச் சொல்ல வேண்டும். முடிச்சு இருந்தால் நூல் அறுந்தாலும் ஒரு முத்துதான் கீழே விழும், முத்தோடு முத்து உரசவும் உரசாது. நைலான் நூலில் முடிச்சில்லாமல் கோத்த சரம் கல்யாண மண்டபத்தில் அறுந்து, நாற்காலிகளுக்குக் கீழே தவழ்ந்து முத்து பொறுக்கியவர்களை எனக்குத் தெரியும்.

நீங்களே பார்க்கலாம். சரத்தைக் கொக்கியில் பிடித்து நேராகத் தொங்கவிடுங்கள். முத்துக்கும் முடிச்சுக்கும் நடுவே நூல் தெரிந்தால் நூல் இழுத்துவிட்டது என்று அர்த்தம். முதலில் தளர்வது பெரும்பாலும் கொக்கிக்குப் பக்கத்து முத்துதான், அங்கே உற்றுப் பாருங்கள். நூல் சாம்பல் நிறமாகியிருந்தால் அழுக்கும் வியர்வையும் ஏறியிருக்கிறது. அந்தச் சரத்தை அடுத்த விசேஷத்துக்குப் போடும் முன் கோக்கக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது முத்துகளை எண்ணி, எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.